‘பஹாயா’ கதவுக்குள் ஒரு ஜாகா

(‘நவீனக் கருவிகள்: நன்மையா, சுமையா?’ எனும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர்கள் கைப்பேசியைப் பற்றிப் பேசினார்கள், கணினியைப் பற்றிப் பேசினார்கள். அவை நம் கையில் இருக்கும் கருவிகள். நான் பேச வந்திருப்பது, இங்கு அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஒரு கருவியைப் பற்றி. ஆனால் அது இருக்கும் இடத்தை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். உங்கள் தாமான் கோடியில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கும். ஜன்னல் இருக்காது. இரும்புக் கதவு, அதில் மின்னல் படம் போட்ட பலகை, ‘பஹாயா’ என்ற எச்சரிக்கை. அதுதான் துணை மின்நிலையம். அந்தக் கதவுக்குள் இப்போது பல இடங்களில் ஒரு ஜாகா உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தூக்கம் கிடையாது, சம்பளம் கிடையாது. மின்சாரம் வருகிறதா, போகிறதா, எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதும், பார்த்ததைத் தலைமையகத்துக்குச் சொல்வதும், தலைமையகம் சொன்னால் விசையைத் திறப்பதும் மூடுவதும்தான் அவர் வேலை. விவேக முனையம் என்று இதை அழைக்கலாம்.

நான் மின்னியல் படித்தவள் அல்லள். தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கிவிட்டு, படக்கருவியின் முன் நின்று பிழைப்பு நடத்துகிறவள். ‘உனக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நள்ளிரவுத் தொலைபேசி அழைப்புதான் சம்பந்தம்.

வரிசையில் 22 வீடுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணி இருக்கும். என் கைப்பேசி ஒலித்தது. கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா பேசினார். “பாப்பா, கரண்டு போச்சும்மா. பெரியப்பாவுக்கு மெஷின் நின்னுபோச்சு” என்றார்.

என் பெரியப்பாவுக்கு நுரையீரல் நோய். வீட்டில் பிராணவாயு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அவர் தூங்கும்போதும் அது ஓட வேண்டும். அவசரத்துக்கென்று ஒரு பிராணவாயுத் தோம்பும் இருந்தது. அதை மாட்டிவிட்டார் பெரியம்மா. ஆனால் அதில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முள்ளைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேட வெளிச்சம் வேண்டும்.

“எப்ப போச்சு பெரியம்மா?” என்றேன். “ரெண்டு மணிக்கே போச்சு. வந்துடும் வந்துடும்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.” “போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?” “பக்கத்து வீட்டுல சொல்லியிருப்பாங்கம்மா.”

மின்தடைப் புகார் எண்ணுக்கு நான் அழைத்தேன். பேசிய இளைஞர் பணிவாகத்தான் பேசினார். “அந்த வரிசையிலிருந்து வேறு யாரும் சொல்லவில்லை, நீங்கள்தான் முதலில் அழைக்கிறீர்கள்” என்றார். நோயாளி இருக்கிறார் என்றதும், உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பினார். நான் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மின்பணியாளர்கள் சாலையோரப் பெட்டியைத் திறந்து, எரிந்துபோன பியூசை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது, இயந்திரம் ஓடியது. தோம்பின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர், கோடி வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். கோடி வீட்டுக்காரரோ, ‘நோயாளி இருக்கும் வீட்டில் சொல்லாமலா இருப்பார்கள்?’ என்று நினைத்திருக்கிறார். அந்த வரிசையில் 22 வீடுகள். 22 வீடுகளிலும் கைப்பேசி உண்டு. ஒரு மணி நேரம் ஒருவர்கூட அழைக்கவில்லை. அடுத்த வரிசையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. 22 வீடுகள் இருட்டில் கிடந்தது, மின்சாரத்தை அனுப்புகிறவர்களுக்கு ஏன் தானாகத் தெரியவில்லை?

ஒலிபரப்பு மாதிரி ஒரு வழிப் பாதை

இதற்கான பதில் என் தொழிலிலேயே இருக்கிறது. கல்லூரியில் எங்களுக்கு முதல் பாடமே இதுதான்: அனுப்புகிறவர், செய்தி, பெறுகிறவர், திரும்பி வரும் மறுமொழி. இந்த நான்கில் கடைசியாக உள்ளது இல்லையென்றால் அது தொடர்பே அல்ல. நான் இங்கு நின்று பேசுகிறேன். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அணைந்துவிட்டால் எனக்குத் தெரியாது. நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன்.

மின் விநியோகமும் மிக நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்ததா என்பது, நீங்கள் தொலைபேசியில் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு முந்திய காலத்தில் நிலைமை வேறு. என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்துக்கென்று ஓர் இன்ஜின் வீடு உண்டு. மாலையில் இன்ஜினை ஓட்டுவார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும் முன் விளக்கு இரண்டு மூன்று முறை மங்கி எரியும். பாயை விரித்துப் படுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். நடுவில் லயத்தில் வெளிச்சம் போனால், தாத்தா நடந்து போய் இன்ஜின்காரர் கதவைத் தட்டுவார். சில சமயம் இவர் போவதற்குள் அவரே லாந்தரைத் தூக்கிக்கொண்டு எதிரில் வருவாராம். அவர் வீட்டிலும்தானே வெளிச்சம் போயிருக்கும்!

பிறகு நாடு வளர்ந்தது. 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1990-இல் அது தெனாகா நேஷனல் நிறுவனம் ஆனது. தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் நாட்டின் பெரிய மின்கட்டமைப்பு போய்ச் சேர்ந்தது. பத்து மணிக்கு விளக்கு அணையும் காலம் மலையேறியது. இது பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் லாந்தரோடு எதிரில் வந்த அந்த மனிதர் காணாமல் போனார். விளக்குப் போனால் தன் வீட்டிலும் போகும் ஆள் இப்போது கட்டுப்பாட்டு அறையில் இல்லை. அவர் பல மைல்களுக்கு அப்பால் குளிர்சாதன அறையில் இருக்கிறார். அவருக்குக் கண்ணாக யார் இருப்பது? அதற்குத்தான் இந்தக் கருவி.

பெரிய இருட்டும் சின்ன இருட்டும்

1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மலேசியத் தீபகற்பம் முழுவதும் இருண்டது. அப்போது நான் சிறுமி. அப்பா மெழுகுவர்த்தி தேடி அலைந்தது நினைவிருக்கிறது. 2005 ஜனவரி 13-ஆம் தேதி பட்டப்பகலில் கோலாலம்பூர் முதல் ஜொகூர் வரை மின்சாரம் போனது. 2018 செப்டம்பர் 18-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் சிங்கப்பூரில் ஏறக்குறைய 147,000 பயனீட்டாளர்களுக்கு மின்சாரம் தடைப்பட்டு, 38 நிமிடத்தில் திரும்பியது. இவையெல்லாம் தலைப்புச் செய்திகள்.

ஆனால் இவை மின் உற்பத்தியிலும், 132,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட பெரிய கம்பிகளிலும் நேர்கின்ற கோளாறுகள். அந்தப் பெரிய கம்பிகளுக்குப் பல காலமாகவே காவல் உண்டு. ஒரு கம்பி அறுந்தால் கட்டுப்பாட்டு அறையில் உடனே மணி அடிக்கும். நம் வீட்டில் விளக்குப் போவது பெரும்பாலும் அதனால் அல்ல. 11,000 வோல்ட் கம்பியில், அல்லது அதற்கும் கீழே நம் வீட்டு வாசல் வரை வரும் 230 வோல்ட் கம்பியில் ஏற்படும் சின்னக் கோளாறுகளால்தான். மரக்கிளை சாய்கிறது, மண்வாரி இயந்திரம் நிலத்தடிக் கம்பியைக் கிழிக்கிறது, எலியும் பாம்பும் பெட்டிக்குள் புகுகின்றன, செம்புக் கம்பியைத் திருடர்கள் வெட்டுகிறார்கள். இவற்றோடு இடி வேறு. உலகிலேயே அதிகமாக இடி விழும் வட்டாரங்களில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று.

நான் செய்தி வாசித்திருக்கிறேன். பெரிய இருட்டை வாசித்திருக்கிறேன். ‘கிள்ளானில் 22 வீடுகளில் ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லை’ என்று ஒருநாளும் வாசித்ததில்லை. அது செய்தி ஆகாது. ஆனால் என் பெரியப்பாவுக்கு அந்த 22 வீட்டு இருட்டுதான் உயிர்ப் பிரச்சினை.

ஜாகா எப்படி வேலை செய்கிறார்?

இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஒரு பென்சிலும் தாளும் இருந்தால் வரைந்துகொள்ளுங்கள்.

ஒரு வட்டாரத்தில் பத்துத் துணை மின்நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. 1 முதல் 10 வரை எண் கொடுப்போம். ஒரே கம்பி அவற்றை மணிமாலை போல் கோத்துச் செல்கிறது. மாலையின் இரு முனைகளிலும் பெரிய நிலையம் ஒவ்வொன்று இருந்து மின்சாரம் தருகிறது. ஆனால் நடுவில், 5-க்கும் 6-க்கும் இடையில், ஒரு விசையை வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பார்கள். ஆகவே 1 முதல் 5 வரை ஒரு பக்கத்திலிருந்தும், 6 முதல் 10 வரை மறுபக்கத்திலிருந்தும் மின்சாரம் பெறும்.

இப்போது 3-க்கும் 4-க்கும் இடையில் யாரோ சாலையைத் தோண்டி, கம்பியைக் கிழித்துவிட்டார்கள். அந்த இடத்தை நோக்கி மின்னோட்டம் வெள்ளம் போல் பாய்கிறது. ஆபத்தைத் தடுக்க, முனையில் இருக்கும் பெரிய விசை தானே திறந்துகொள்கிறது. 1 முதல் 5 வரை எல்லாம் இருட்டு.

பழைய முறையில் என்ன நடக்கும்? கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவது, ‘அந்த மாலை இருண்டுவிட்டது’ என்பது மட்டும்தான். எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாது. மின்பணியாளர்கள் வேனில் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு ‘பஹாயா’ கதவாகத் திறந்து, கோளாறு மின்னோட்டம் அந்த வழியாகப் போனதா என்று காட்டும் சின்ன விளக்கைப் பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டால், ஐந்து இடங்களிலும் இருப்பவர்கள் மெழுகுவர்த்தியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

விவேக முனையம் இருந்தால்? 1, 2, 3 ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள கருவிகள், ‘வெள்ளம் என் வழியாகப் போனது’ என்று சொல்லும். 4, 5 இரண்டும், ‘என் பக்கம் வரவில்லை’ என்று சொல்லும். அப்படியென்றால் கோளாறு 3-க்கும் 4-க்கும் நடுவில்தான். இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், அங்கிருந்தபடியே 3-இன் வெளி விசையையும் 4-இன் உள் விசையையும் திறக்கச் சொல்வார். கிழிந்த துண்டு மட்டும் தனியாகிவிடும். பிறகு முனையிலுள்ள பெரிய விசையை மூடினால் 1, 2, 3-க்கு வெளிச்சம் வந்துவிடும். நடுவில் திறந்து வைத்திருந்த விசையை மூடினால், 4-க்கும் 5-க்கும் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வந்துவிடும். எல்லாம் சில நிமிட வேலை. கிழிந்த கம்பியைத் தோண்டி எடுத்துச் சரிசெய்வது அதற்குப் பிறகுதான். அதற்கு ஒரு நாள் ஆனாலும் யார் வீட்டிலும் இருட்டு இல்லை.

சில இடங்களில் இந்தக் கணக்கை மனிதருக்குக் காத்திராமல் கணினியே போட்டுவிடுகிறது. தலைக்கு மேலே போகும் கம்பிகளில் வேறு ஒரு வகை உண்டு. கிளை உரசினால் விசை திறக்கும், ஓரிரு வினாடி பொறுத்துத் தானே மூடிப் பார்க்கும். கிளை விலகியிருந்தால் மின்சாரம் தொடரும். வீட்டில் விளக்கு ஒரு முறை அணைந்து உடனே எரிகிறதே, பல நேரங்களில் அதற்கு இதுவே காரணம்.

இந்தப் பெட்டிக்குள் அதிசயம் ஒன்றுமில்லை. மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் உணரிகள், கணக்குப் போட ஒரு சின்னக் கணினி, செய்தி அனுப்ப ஒளியிழைக் கம்பி அல்லது கைப்பேசி அலை, விசையை இயக்க ஒரு மோட்டார், இவற்றோடு ஒரு பேட்டரி. இந்தப் பேட்டரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். மின்சாரம் போன நேரத்தில்தான் இந்தக் கருவி பேச வேண்டும். அப்போது இதற்குச் சோறு போடுவது பேட்டரிதான். நம் நாட்டு வெப்பத்தில், பூட்டிய அறைக்குள், பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். உரிய காலத்தில் அதை மாற்றாவிட்டால், ஜாகா இருப்பார், ஆனால் ஊமையாக இருப்பார்.

45 நிமிடக் கணக்கு

மின் விநியோகம் எவ்வளவு நம்பகமானது என்று அளக்க உலகமெங்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பயனீட்டாளருக்குச் சராசரியாக ஆண்டுக்கு எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லாமல் போனது என்பதே அது. மலேசியத் தீபகற்பத்தில் 2020 முதல் இது ஏறக்குறைய 45 நிமிடம். இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய முன்னேற்றம். கம்பிகளை மாற்றியதும், பராமரிப்பும், நான் சொன்ன இந்தக் கருவிகளும் சேர்ந்து செய்த வேலை அது. சிங்கப்பூரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அங்குக் கம்பிகள் நிலத்தடியில் இருக்கின்றன. சபாவிலோ அண்மைய ஆண்டுகளிலும் இந்தக் கணக்கு மூன்று இலக்கத்தில்தான் இருந்துள்ளது. காட்டையும் மலையையும் தாண்டிப் போகும் நீண்ட கம்பிகள் அங்கே.

45 நிமிடம் என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சராசரி என்பது பொல்லாத கணக்கு. எட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வீடுகளில் ஆண்டு முழுவதும் ஒரு நிமிடம்கூட விளக்கு அணையவில்லை. எட்டாவது வீட்டில் மட்டும் ஆறு மணி நேரம் அணைந்தது. ஆறு மணி நேரம் என்பது 360 நிமிடம். எட்டால் வகுத்தால் வருவது 45. அறிக்கையில் எட்டு வீடுகளும் ஒரே மாதிரி தெரியும். அந்த எட்டாவது வீட்டுக்காரர் அறிக்கையில் இல்லை.

யார் அந்த எட்டாவது வீட்டுக்காரர்? பெரும்பாலும் நகரத்தின் நடுவில் இருப்பவர் அல்லர். அங்குக் கம்பிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன, முனையங்களும் முதலில் அங்கேதான் வைக்கப்படுகின்றன. ஒரே கம்பியின் கோடியில் இருக்கும் தோட்டத்து வீடு, கம்பத்து வீடு, பழைய தாமானின் கடைசி வரிசை, இவர்கள்தாம் அந்த எட்டாவது வீடு. சராசரியைக் குறைக்க வேண்டுமானால் அதிகம் பேர் இருக்கும் இடத்தில் கருவியை வைப்பதுதான் கணக்குக்கு லாபம். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு மட்டுமே போதும் என்று இருந்துவிட்டால், கோடியில் இருப்பவர் என்றும் கோடியிலேயே இருப்பார்.

கடைசி நூறு மீட்டர்

இப்போது என் பெரியம்மா வீட்டுக்குத் திரும்புவோம். அன்று எரிந்தது சாலையோரப் பெட்டியில் இருந்த ஒரு பியூஸ். துணை மின்நிலையம் நன்றாகவே இருந்தது. அடுத்த வரிசைக்கு அதே நிலையம்தான் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே அங்கே 11,000 வோல்ட்டைப் பார்க்கும் ஜாகா ஒருவர் உட்கார்ந்திருந்தாலும், ‘எல்லாம் நலம்’ என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பார்வை பெரிய கம்பியோடு நின்றுவிடுகிறது. நம் வாசலுக்கு வரும் கடைசி நூறு மீட்டர் அவர் கண்ணில் படாது.

அந்தக் கடைசித் துண்டுக்குக் கண்ணாக இருப்பவை இரண்டு. ஒன்று, 230 வோல்ட் பக்கத்திலேயே பொருத்தும் சிறிய முனையங்கள். மற்றொன்று, வீட்டுக்கு வீடு பொருத்தப்படும் விவேக மீட்டர். மலாக்காவில் தொடங்கி, பிறகு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த மீட்டர்கள் இவை. மின்சாரம் போன அந்தக் கணத்தில், தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் கொஞ்ச சக்தியைக் கொண்டு, ‘நான் இருட்டில் இருக்கிறேன்’ என்று கடைசியாக ஒரு செய்தியை அனுப்பக்கூடிய மீட்டர்கள் இந்த வகையில் உண்டு. 22 வீடுகளிலிருந்து 22 செய்திகள் ஒரே நேரத்தில் போனால், எந்தப் பியூஸ் என்று கணினியே சொல்லிவிடும். யாரும் யாரையும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விவேக மீட்டரைப் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. கட்டணம் ஏறிவிடுமோ, வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று யாரேனும் தெரிந்துகொள்வார்களோ என்கிறார்கள். இரண்டாவது பயம் நியாயமானது. அரைமணிக்கு ஒருமுறை கணக்கெடுத்தால், நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எப்போது வெளியூர் போகிறீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். அந்தத் தகவலை யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லும்படி கேட்பது நம் உரிமை. கேளுங்கள். ஆனால் அந்தப் பயத்துக்காக மீட்டரே வேண்டாம் என்று சொல்வதற்கு முன், இருட்டில் கண்ணாடி தேடிய ஒரு மூதாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கூரை மேல் சூரியசக்தித் தகடு வைத்தவர்கள் இப்போது மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். மேலிருந்து கீழே மட்டும் ஓடிய ஆறு, நண்பகலில் கீழிருந்து மேலே ஓடுகிறது. மின்சாரக் காரை வீட்டிலேயே சார்ஜ் செய்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். எந்தக் கம்பியில் எந்தப் பக்கம் எவ்வளவு ஓடுகிறது என்று அறியாமல் இனி விநியோகம் நடத்த முடியாது.

கண்ணையும் ஏமாற்றலாம்

இவ்வளவு சொன்ன நான், இந்தக் கருவியைக் கும்பிடச் சொல்லவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2003 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரங்களில் உரசிக் கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, ஒஹாயோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் அபாய அறிவிப்பு தரும் மென்பொருள் செயலிழந்து கிடந்தது. அது செயலிழந்ததுகூட அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. திரை அமைதியாக இருந்தது. ஆகவே ஊரும் அமைதியாக இருக்கிறது என்று நம்பினார்கள்.

2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைன் நாட்டில் நடந்தது இன்னும் மோசம். மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் இணையத் திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் சுட்டி தானாக நகர்ந்து, விசைகளை ஒவ்வொன்றாகத் திறந்தது. ஏறக்குறைய 225,000 பயனீட்டாளர்களுக்கு மின்சாரம் போனது. நிலையங்களோடு பேச உதவும் கருவிகளின் மென்பொருளையும் அழித்துவிட்டார்கள். புகார் எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் குவித்து, மக்கள் பேச முடியாதபடியும் செய்தார்கள். பிறகு எப்படி மீண்டார்கள்? ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு நிலையம் நிலையமாகப் போய், கையால் விசையை மூடினார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. அந்தக் கைப்பழக்கம் அவர்களிடம் அப்போதும் இருந்ததால்தான் அது முடிந்தது.

தூரத்திலிருந்து நல்லவர் இயக்கக்கூடிய விசையைக் கெட்டவரும் இயக்கக்கூடும். ஆகவே கருவிக்குப் பூட்டு நன்றாக இருக்க வேண்டும். அதோடு, கதவைத் திறந்து கையால் வேலை செய்யத் தெரிந்த மின்பணியாளர்களும் என்றும் இருக்க வேண்டும். ‘கருவி வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு?’ என்று கணக்குப் போடுகிறவர்கள், உக்ரைனை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பெருமக்களே, கருவி நன்மையா சுமையா என்பது இன்றைய கேள்வி. இந்தக் கருவி நன்மைதான். ஆனால் அது யாரைப் பார்க்கிறதோ அவருக்குத்தான் நன்மை. யாரை அது பார்க்கவில்லை என்று கேட்பது நம் பொறுப்பு.

உங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் கார் நிறுத்துமிடம் பற்றிப் பேசுகிறீர்கள், குப்பை பற்றிப் பேசுகிறீர்கள். அடுத்த முறை இதையும் பேசுங்கள்: நம் துணை மின்நிலையம் தொலைவிலிருந்து இயங்குகிறதா? நம் வரிசையில் இருட்டு வந்தால் தானாகத் தெரியுமா? எழுதிக் கேளுங்கள். கேட்கிற வட்டாரத்துக்கு முதலில் வரும் என்பது எல்லாத் துறைக்கும் உள்ள வழக்கம். ‘பஹாயா’ கதவை மறித்துக் காரை நிறுத்தாதீர்கள். வேனில் வருகிறவர் அங்கேதான் இறங்க வேண்டும். வீட்டில் மின்சாரத்தை நம்பி உயிர் வாழும் நோயாளி இருந்தால், மின் நிறுவனத்திடமும் பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாற்று ஏற்பாட்டைக் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு டார்ச் விளக்கோடு வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எளிய ஒன்று. விளக்குப் போனால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். நீங்களே அழையுங்கள். இருபது பேர் அழைத்தாலும் நட்டமில்லை. ஒருவரும் அழைக்காமல் போனால்தான் நட்டம். உங்கள் வாசலுக்கு விவேகக் கருவி வரும் வரை, அந்தக் கடைசி நூறு மீட்டருக்கு ஜாகா நீங்கள்தான்.

என் பெரியப்பா இன்றும் நலமாக இருக்கிறார். இந்த நிகழ்ச்சியை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். பெரியம்மா இப்போது மின்தடைப் புகார் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, பிராணவாயு இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். போன மாதம் அந்த வரிசையில் மறுபடியும் விளக்குப் போனதாம். “ஆறு பேரு போன் பண்ணிட்டாங்க பாப்பா. அந்தப் பையன், ‘போதும் ஆண்டி, ஆள் வந்துக்கிட்டிருக்கு’ன்னுட்டான்” என்று சிரித்தார்.